உள்ளே விட்ட துணி

ஜூலை 3

அப்பாவுக்கு,

பதினொரு நாளாகப் போன் அடிக்கிறேன். நீங்கள் எடுப்பதில்லை. உங்கள் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நல்லாத்தாம்மா இருக்கார். காலையில நடக்கப் போறார், பேப்பர் வாங்குறார், என்கிட்ட அரசியல் பேசுறார்" என்றார். ஆக உடம்புக்கு ஒன்றுமில்லை. என் பெயரைப் பார்த்தால் மட்டும் காது கேட்பதில்லை. கடிதம் என்றால் நீங்கள் கிழிக்கலாம். ஆனால் கிழிக்குமுன் படித்துவிடுவீர்கள் என்று தெரியும்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். நாம் இரண்டு பேரும் அதை வேறு வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருப்போம் என்று தோன்றுகிறது.

நீங்கள் இங்கே வந்த மூன்றாம் நாள், முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டையோடு உங்கள் பேத்தி வாண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். உங்கள் மாப்பிள்ளையின் அக்கா வந்திருந்தார். மறுநாள் வாண்டைக் கடைக்குக் கூட்டிப்போய் ஆறு கவுன் வாங்கி வந்தீர்கள். கால்சட்டை குப்பைத்தொட்டியில் கிடந்தது, அதன் மேல் தேயிலைச் சக்கை. அது நான் போட்ட முதல் ஒட்டு. மூன்று முறை பிரித்துத் தைத்தது. அதை மட்டும் சொல்லியிருந்தால் போதும். நான் வேறொன்றைச் சொன்னேன்.

"நீங்க என்னை வளர்க்கல. எனக்கு வாங்கிக் குடுத்தீங்க, அவ்வளவுதான்."

நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் மாப்பிள்ளையிடம், "முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டீர்கள்.

அம்மா போன பிறகு ஒற்றை ஆளாக என்னைக் கரையேற்றியவரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னது தப்பு. ஆனால் அது முழுப் பொய் என்று எழுதக் கை வரவில்லை. மற்ற பிள்ளைகள் சனிக்கிழமை பூங்காவுக்குப் போவார்கள். நான் நீங்கள் வேலை பார்த்த ஜவுளிக்கடைக்கு வருவேன். ஜிப் சிக்கினால் புதுப் பை. கறை பட்டால் புதுப் பாவாடை. கல்லூரி விடுதியில் நான் காலுறையைத் துவைத்ததே இல்லை, போட்டுத் தூக்கிப் போட்டேன். கல்யாணமான மாதம், ஒரு பொத்தான் போன மாப்பிள்ளையின் சட்டையைக் குப்பையில் போட்டேன். அவர் அதை எடுத்து உதறி, "இதுக்கு என்ன வியாதி?" என்றார். எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

பிறகு அவர் வேலை பார்த்த அச்சகம் மூடிவிட்டது, நானும் வேலையை விட்டிருந்தேன். வேறு வழியில்லாமல் ஊசியை எடுத்தேன். அப்புறம் அது பிடித்துப்போனது. இப்போது கொஞ்சம் திமிரும் வந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

இனி விஷயம். வாண்டுக்கு அடிவயிற்றோரம் ஒரு வீக்கம் இருந்ததல்லவா, அது குடலிறக்கமாம். ஆகஸ்ட் 21 ஆப்பரேஷன். "அரை மணி நேர வேலைம்மா" என்கிறார் டாக்டர். "தாத்தா வருவாரா?" என்று அவள் கேட்டாள். உங்களைக் கேட்காமலே வருவார் என்று சொல்லிவிட்டேன்.

வருவீர்களா?

உங்கள் மகள்


ஜூலை 9

பாப்பா,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

ஒட்டுப் போட்டது நீ என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது. முப்பத்தோரு வருடம் குழந்தைகள் பிரிவில் புதுத் துணி விற்றவன். ஒட்டுப்போட்ட துணியைக் கண்டால் கை தானாக நீளுகிறது. அந்த அம்மாள் வேறு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவர் பேத்திக்கா இந்தக் கோலம்" என்று அவர் நினைப்பதாக எனக்குப் பட்டது. நினைக்கவில்லை என்றால் என் தப்பு.

நீ சொன்ன வாக்கியத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

டாக்டர் அரை மணி நேரம் என்றால் அரை மணி நேரம்தான். நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள், மாப்பிள்ளையின் அக்கா இருக்கிறார். அங்கே கூட்டம் கூடினால் நர்ஸ்கள் விரட்டுவார்கள். நான் வந்து என்ன செய்யப்போகிறேன்?

ஆறு கவுனில் மஞ்சளை முதலில் போடு. நல்ல பருத்தி. நீலத்தைப் பருத்தி என்று சொல்லித்தான் விற்றார்கள், தொட்டதுமே தெரிந்தது பாதி நைலான் என்று. வாண்டுக்குப் பிடித்திருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். எல்லாவற்றிலும் உள்ளே துணி விட்டிருக்கிறது. அவள் வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.

அப்பா


ஜூலை 14

அப்பாவுக்கு,

உள்ளே துணி இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குத் தையல் சொல்லிக்கொடுப்பவள் என்னைவிட இரண்டு வயது இளையவள். பஸ் டெப்போவுக்கு எதிரே உள்ள பட்டறையில் பஸ் சீட் தைக்கிறாள். தெருவில் எல்லோரும் அவளைச் சீட்டுக்காரி என்பார்கள், அவளும் அப்படியே தன்னைச் சொல்லிக்கொள்வாள். முதல் நாளே ஒரு மூட்டைப் பழந்துணியை முன்னால் தள்ளினாள். "அக்கா, ஒரு மாசம் ஊசியத் தொடாதீங்க. பிரிங்க. தைச்சவன் என்ன நினைச்சான்னு பிரிச்சாத்தான் தெரியும்."

ஒரு மாதம் பிரித்தேன். பிறகு வாண்டுக்கு ஒரு கவுன் தைத்தேன். சீட்டுக்குப் போடும் இரட்டைத் தையல், யானை இழுத்தாலும் பிரியாது. ஆனால் கழுத்து வழியாக அவள் தலை நுழையவில்லை. பாதி முகம் வெளியே, பாதி உள்ளே, "அம்மா, இருட்டா இருக்கு" என்கிறாள். சீட்டுக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என் மேல தப்பில்லக்கா. சீட்டுக்குத் தலை கிடையாதுல்ல!"

அதனால் கழுத்தை எப்படி வெட்டுகிறார்கள் என்று பார்க்க உங்கள் மஞ்சள் கவுனைப் பிரித்தேன். கோபப்படாதீர்கள், அல்லது படுங்கள், ஆனால் மேலே படியுங்கள். பக்கத் தையலுக்கு உள்ளே கால் அங்குலம்கூட இல்லை. ஓரத்தை ஒட்ட வெட்டி மெஷினில் சுற்றியிருக்கிறார்கள். அடி மடிப்பிலும் அதே கதை. வாண்டு ஒரு விரல் வளர்ந்தால்கூடப் பிரித்துவிட ஒன்றும் கிடையாது. ஒன்றுதான் இப்படியோ என்று அடுத்ததைப் பிரித்தேன். அதுவும் அப்படியே. ஆறையும் பிரித்துவிட்டேன். இப்போது கட்டில் முழுக்கக் கைகளும் முதுகுகளும் கிடக்கின்றன. மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க என்ன விபத்து?" என்று கேட்டார்.

மறுபடி தைத்துவிடுவேன். ஆறும் ஆறாகவே வரும் என்று சத்தியம் செய்ய முடியாது.

21ஆம் தேதியை மறுபடி யோசியுங்கள்.

மகள்


ஜூலை 22

பாப்பா,

நான் வாங்கிக்கொடுத்ததை நீ பிரித்துக் கட்டிலில் பரப்பியதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன்.

பிறகு கடைக்குப் போனேன். ஓய்வு பெற்றபின் முதல் முறை. குழந்தைகள் பிரிவில் நின்று ஒவ்வொரு கவுனாக உட்புறம் திருப்பிப் பார்த்தேன். மேற்பார்வையாளன் ஓடி வந்தான், நான் வேலை பழக்கியவன். "என்ன சார், கஸ்டமர் மாதிரி பாக்குறீங்க?" என்றான். பத்தொன்பது கவுன் பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை. அவனிடம் காட்டினேன். "சார், நீங்கதானே சொல்லச் சொன்னீங்க?" என்றான்.

நான்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கும் ஒருவர் சொன்னார். "அம்மாக்காரி கையில வச்சுக்கிட்டு யோசிக்கும்போது மெதுவா சொல்லு: உள்ளே துணி விட்டிருக்கு, வளர்ந்தா பிரிச்சு விட்டுக்கலாம்." நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. சொன்னதும் அவர்கள் முகம் தெளிந்துவிடும், உடனே ரசீது போடலாம். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. இப்போது அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பிரித்துப் பார்த்திருப்பார்கள். இல்லை என்று தெரிந்திருக்கும். அடுத்த வருடம் என்னிடமே வந்து அடுத்த அளவு கேட்டு வாங்கியிருக்கிறார்கள். சிரித்த முகமாக. என்னைப் பார்த்து என்ன நினைத்துக்கொண்டிருந்தார்களோ.

பொத்தான் விழுந்த மூன்று சட்டைகள் நாற்காலியில் கிடக்கின்றன. முன்பு என்றால் குப்பையில் போட்டிருப்பேன். இப்போது தொட்டிவரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன். எல்லாம் உன்னால்.

21ஆம் தேதி கடையின் பழைய ஆட்கள் ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள். வர இயலாது.

அப்பா


ஜூலை 30

அப்பாவுக்கு,

முதலில் ஆஸ்பத்திரியில் கூட்டம் கூடும் என்றீர்கள். இப்போது பழைய ஆட்களின் கூட்டம். இரண்டு காரணம் சொல்கிற கஸ்டமர் வாங்கப்போவதில்லை என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

இதோடு ஒரு பொட்டலத்தில் இரண்டு ஊசி, வெள்ளை நூல், பொத்தான் ஆறு வைத்திருக்கிறேன். நூலை இரட்டையாக்கி முடிச்சுப் போடுங்கள். அடியிலிருந்து மேலே, மேலிருந்து அடியே, ஒவ்வொரு ஓட்டைக்கும் மூன்று முறை. பொத்தானைத் துணியோடு நெரிக்க வேண்டாம், தீக்குச்சி கனத்துக்கு இடம் விடுங்கள். கடைசியில் அடியில் முடிச்சு. அவ்வளவுதான். இதற்காகவா சட்டை சட்டையாகத் தூக்கிப் போட்டோம் என்று இருக்கும். எனக்கும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். குழந்தைக்கு முன்பக்கம் திறக்கும் உடை, உலோகம் எதுவும் கூடாது, இடுப்பில் இறுக்கம் கூடாது. மாப்பிள்ளையின் பழைய சட்டையில், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனதில், நாடா வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். கையை வேலையில் வைத்திருந்தால் தலை கொஞ்சம் சும்மா இருக்கிறது. இல்லையென்றால் மயக்க மருந்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்துவிடுவேன். ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று என்று போட்டிருப்பார்கள். அந்த ஒன்று என் மடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாண்டு தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். அவளுக்கு இப்போது நான்கு வயது அப்பா, கைக்குழந்தை இல்லை. ஒருநாள் கண்ணைத் திறந்து, "என்னம்மா, மூக்கு இருக்கா?" என்றாள்.

ஒன்று கேட்கிறேன். கோபமாகக் கேட்கவில்லை. அம்மாவுக்கும் சின்ன ஆப்பரேஷன் என்றுதானே சொன்னார்கள்? அப்போது எனக்கும் நான்கு வயது. அதற்குப் பிறகு நீங்கள் எந்த ஆஸ்பத்திரிக்குள்ளும் கால் வைத்து நான் பார்த்ததில்லை. வாண்டு பிறந்தபோதும் ஐந்தாம் நாள் வீட்டுக்குத்தான் வந்தீர்கள், கையில் பதினான்கு உடுப்போடு.

நீங்கள் வராதது என் மேல் உள்ள கோபத்தாலா, அல்லது இதனாலா? எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. தெரிந்தால் போதும்.

மகள்


ஆகஸ்ட் 8

பாப்பா,

பொத்தான் தைத்தேன். நீ எழுதியபடியே, தீக்குச்சி கனம் இடம் விட்டு, அடியில் முடிச்சுப் போட்டு. எழுந்தபோது சட்டையும் கூடவே எழுந்தது. மடியில் வைத்துத் தைத்ததில் கால்சட்டையையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். மடியில் வைக்காதே என்று நீ எழுதவில்லை. மருந்துக்கடைக்காரர் மேலே வந்தவர் பார்த்துவிட்டு, "புது ஃபேஷனா சார்?" என்கிறார். இரண்டாம் முறை மேசையில் வைத்துத் தைத்தேன். பிடித்துக்கொண்டது.

நீ கேட்டதற்குப் பதில்.

உன் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் உன்னுடைய கவுன் ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். அவளே தைத்தது. நீ உயர்ந்துவிட்டாய் என்று அடி மடிப்பைப் பிரித்துவிட்டு, இறக்கித் தைத்துக்கொண்டிருந்தாள். பாதி முடிந்தபோது ஆட்டோ வந்துவிட்டது. "வந்து முடிச்சுக்கிறேன், ஊசி இருக்கு, பாப்பா கைக்கு எட்டாம வைங்க" என்றாள். அதுதான் வீட்டில் அவள் பேசிய கடைசி. எனக்கு அதைவிட நல்லதாக எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் கிளம்பிப் போன பிறகு நீ அந்தக் கவுன்தான் வேண்டும் என்று அழுதாய். எடுத்தேன். ஒரு பாதி தைத்திருக்கிறது, மறுபாதி தொங்குகிறது, ஊசி குத்தியபடி நிற்கிறது. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் யாரும் இல்லை. ஊசியோடு சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினேன். நீ கண்ணாடியில் பார்த்தாய். அழுகையை நிறுத்தினாய்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். வேலை செய்தது. அதற்குப் பிறகு நீ முகம் சுருக்கும்போதெல்லாம் அதையே செய்தேன். நீ சொன்னது சரிதான் என்று சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

அந்தக் கவுனில் உள்ளே துணி இருந்தது. நான் பார்த்த ஒன்றே ஒன்று.

21ஆம் தேதி பழைய ஆட்கள் கூட்டம் எதுவும் இல்லை. பயம். எழுதிவிட்டேன்.

அப்பா


ஆகஸ்ட் 14

அப்பாவுக்கு,

வர வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை, நம்புங்கள். வாண்டிடம் தாத்தாவுக்கு ஆஸ்பத்திரி வாசனை பிடிக்காது என்று சொல்லிவிட்டேன். "எனக்கும்தான் பிடிக்காது, நானும் போகலையா?" என்றாள். நீங்கள் அதற்குப் பதில் தேட வேண்டாம்.

நான் சொன்ன வாக்கியத்தைத் திரும்ப எடுக்கப் பார்த்தேன். பாதி வருகிறது. மீதி ஏன் வரவில்லை என்பதை நேற்றுக் கண்டுபிடித்தேன். தலை நுழையாத அந்தக் கவுனின் கழுத்தைப் பெரிதாக்கி இரண்டு வாரமாகப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். அதைப் போட்டாலே எனக்குப் பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் "நான் தைச்சது" என்பேன். நேற்றுக் குளிப்பாட்டும்போது பார்த்தால் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. சீட்டுக்குப் போடும் நூல், முரடு. "ஏண்டி சொல்லல?" என்றேன். "நீ சந்தோஷமா இருந்தியே" என்றாள்.

நீங்கள் எனக்கு வாங்கிப் போட்டீர்கள். நான் இவளுக்குத் தைத்துப் போடுகிறேன். போட்டுக்கொள்கிறவளை நாம் இரண்டு பேருமே கேட்கவில்லை.

முரட்டு நூலையெல்லாம் பிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரி உடையை என் கழுத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். மெத்தென்றுதான் இருக்கிறது. முடிந்ததும் மருந்துக்கடைக்காரருக்குப் போன் செய்கிறேன். அவர் மேலே வந்து சொல்வார்.

மகள்


ஆகஸ்ட் 21
காலை 9.40

பாப்பா,

கீழே இருக்கிறேன். தரைத்தளம், நோயாளிகளைப் பார்க்க வருபவர்கள் உட்காரும் இடம், மூன்றாவது பெஞ்சு. எழுதத் தாள் இல்லை, பஸ் டிக்கெட் சிறியது. பக்கத்தில் இருந்தவர் தன் மகனுடைய எக்ஸ்ரே உறையைக் கிழித்துக் கொடுத்தார். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, பதில் எழுத உதவும்.

ஆறரைக்கு வந்தேன். வாசலில் ஒரு கால் மணி நேரம் நின்றேன். காவலாளி, "யாரைப் பாக்கணும்?" என்றான். "யாரையும் பாக்க வேணாம், உக்காரணும்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வழிவிட்டான். நீங்கள் மூன்று பேரும் ஏழு மணிக்கு உள்ளே போனதைப் பார்த்தேன். வாண்டு மாப்பிள்ளையின் தோளில் இருந்தாள். நீ பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே போனாய். கூப்பிட வாய் வரவில்லை.

மேலே வர முடியவில்லை. எழுந்தால் கால் வாசல் பக்கம் போகிறது. அதனால் எழாமல் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரைதான் என்னால் ஆனது. தரை துடைக்கும் அம்மா மேல்மாடிக்குப் போவதாகச் சொன்னார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அடையாளம் கேட்டார். "ஒல்லியா இருப்பா, நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிப்பா" என்றேன்.

என்ன ஆனாலும் எழுது. நல்லதென்றாலும், மற்றதென்றாலும். மறைக்காதே. போன முறை என்னிடம் மறைத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் சொன்னார்கள். அந்த ஒரு மணி நேரம் நான் இட்லி வாங்கலாமா ரொட்டி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா


(அதே உறையின் பின்பக்கம்)
10.25

அப்பா,

முடிந்தது. நாற்பது நிமிடம் ஆனது. அரை மணி என்றவர் நாற்பது எடுத்ததில் அந்தப் பத்து நிமிடம் நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. பத்து ஐந்துக்கு வெளியே கொண்டுவந்தார்கள். கண்ணைத் திறந்தாள். தையல் நான்குதான், பிரிக்க வேண்டியதில்லை, தானாகக் கரைந்துவிடும் என்றார் டாக்டர். கொஞ்சம் வாந்தி எடுத்தாள், அது சாதாரணமாம். நர்ஸிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். எதையும் மறைக்கவில்லை.

அவள் உங்களைக் கேட்கவில்லை. "அந்த மாமா ஏன் பச்சைத் தொப்பி போட்டிருந்தார்?" என்றுதான் கேட்டாள். இப்போது மாப்பிள்ளையின் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். மூச்சு வருகிறது.

நீங்கள் ஏற வேண்டாம். எழவும் வேண்டாம். நான் இறங்கி வருகிறேன்.

இந்தத் தாளை அந்த அம்மாவிடமே கொடுக்கிறேன். அவர் லிஃப்டில் வருவார். எனக்கு லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை, படியில் வருகிறேன். நான் முதலில் வந்துவிட்டால் இதைப் படிக்க வேண்டியதில்லை.